காந்தியையே தள்ளி வைத்தார்கள்!

1888-ம் ஆண்டு. பம்பாயில் மோத் வணிகர் சாதிக் கூட்டம் கூடியது. கூட்டத்தின் நடுவே 18 வயது இளைஞர் ஒருவர் நிறுத்தப்பட்டார். தகப்பனார் இறந்து 3 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. ஊரில் கல்யாணமான மனைவியும் கைக்குழந்தையும் இருந்தார்கள்.

அவர் செய்த குற்றம் என்ன? பாரிஸ்டர் படிப்புக்காகக் கப்பல் ஏறி இங்கிலாந்து போகப் போகிறார். அவ்வளவுதான். அந்தச் சாதியில் அதுவரை யாரும் இங்கிலாந்துக்குப் போனதில்லை. கடல் கடந்தால் ஆசாரம் கெடும், அங்கே போனால் வெள்ளைக்காரனோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டிவரும் என்பது பெரியவர்களின் வாதம்.

இளைஞர் அசையவில்லை. மதுவையும் மாமிசத்தையும் பெண்களையும் தொடுவதில்லை என்று தாயார் முன்னிலையில் சத்தியம் செய்து கொடுத்திருப்பதாகவும், இந்த விஷயத்தில் சாதி தலையிடக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்.

சாதித் தலைவரான சேட்டுக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் இளைஞரின் தகப்பனாருக்கு வேண்டியவர், தூரத்து உறவும்கூட. ஆனாலும் தீர்ப்பில் தயவு இல்லை. அன்று முதல் அந்த இளைஞர் சாதியை விட்டுத் தள்ளி வைக்கப்பட்டார். அவருக்கு உதவி செய்கிறவர்களுக்கும், கப்பல் துறைக்குப் போய் வழியனுப்புகிறவர்களுக்கும் ஒன்றேகால் ரூபாய் அபராதம்!

இளைஞரின் பெயர் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி.

ஒன்றேகால் ரூபாய் அபராதம் உடனே வேலை செய்தது. இங்கிலாந்து பயணத்துக்கான பணம் காந்தியின் மைத்துனரிடம் இருந்தது. அவர் பணத்தைக் கொடுக்க மறுத்துவிட்டார். அவருக்குக் காந்தி மேல் விரோதம் எதுவும் இல்லை. தன் சாதியும் போய்விடுமே என்ற பயம்தான். கடைசியில் குடும்ப நண்பர் ஒருவரிடம் கடன் வாங்கித்தான் செப்டம்பர் 4-ந் தேதி காந்தி கப்பல் ஏறினார்.

புதுப் பெயர், பழைய சரக்கு

இப்போது "கேன்சல் கல்ச்சர்" என்று ஒரு சொல் எங்கும் அடிபடுகிறது. ஒருவர் தவறாக ஏதோ பேசிவிட்டார், எழுதிவிட்டார், அல்லது செய்துவிட்டார் என்று தெரிந்ததும், பலர் சேர்ந்துகொண்டு அவரை ஒதுக்கிவிடுவது. அவர் படத்தைப் பார்க்காதே, புத்தகத்தை வாங்காதே, வேலையை விட்டு எடு, மேடையில் ஏற்றாதே என்று கூச்சல் எழும். ஆஸ்திரேலியாவின் மக்குவாரி அகராதி 2019-ம் ஆண்டின் சொல்லாக இதைத் தேர்ந்தெடுத்தது.

இதைக் கேட்டு நம் பெரியவர்கள் பலர் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். "எல்லாம் மேல்நாட்டு வியாதி. நம் பாரம்பரியத்தில் மன்னிப்பு உண்டு, பொறுமை உண்டு" என்கிறார்கள்.

மன்னிப்பு உண்டுதான். ஆனால் ஒதுக்கி வைப்பதற்கு நாம் யாரிடமும் பாடம் படிக்க வேண்டியதில்லை! அதற்கு நம் நாட்டில் ஒவ்வொரு பாஷையிலும் தனிச் சொல்லே இருக்கிறது. மராட்டியில் "வாளீத் டாக்ணே" என்பார்கள். இந்தியில் "ஹுக்கா பானி பந்த்". அதாவது கூட உட்கார்ந்து ஹுக்கா பிடிக்கவும் கூடாது, தண்ணீர் தரவும் கூடாது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் "ஊரை விட்டுத் தள்ளி வைத்துவிட்டார்கள்" என்றால் விளக்கம் சொல்ல வேண்டியதே இல்லை. நெருப்பு, தண்ணீர் கொடுக்கக் கூடாது. நல்லது கெட்டதுக்கு அழைக்கக் கூடாது.

(பழைய ரோமாபுரியிலும் நாடு கடத்தும் தண்டனைக்கு "நெருப்புக்கும் நீருக்கும் தடை" என்றுதான் பெயர். மனிதனை எங்கே அடித்தால் வலிக்கும் என்பது எல்லா ஊர்க்காரர்களுக்கும் தெரிந்திருக்கிறது.)

ஊர் விலக்கு எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொங்கணக் கிராமத்துக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். அடி, உதை எதுவும் கிடையாது. காலையில் கடைக்குப் போனால் கடைக்காரர் வேறு பக்கம் பார்ப்பார். மாவு அரைக்கப் போனால் மிஷின் ரிப்பேர். பெண்ணுக்கு நிச்சயமான இடத்திலிருந்து பேச்சு மூச்சு இருக்காது. கோயில் திருவிழாவுக்கு வரி வாங்க வரமாட்டார்கள். வரி கேட்காமல் இருப்பது எவ்வளவு பெரிய தண்டனை என்பது கிராமத்தில் பிறந்தவர்களுக்குத்தான் புரியும்! வீட்டில் ஒரு சாவு விழுந்தால் தூக்க நாலு பேர் வரமாட்டார்கள்.

இதில் கொடுமை என்னவென்றால், விலக்கப்பட்டவர் மேல் யாருக்கும் தனிப்பட்ட கோபம் இருக்காது. காந்தியின் மைத்துனரைப் போலத்தான் எல்லோரும். பேசினால் நமக்கும் அபராதம், நம்மையும் தள்ளி வைப்பார்கள். பயம் ஊரைச் சேர்த்துக் கட்டிவிடுகிறது.

புனாவில் ஒரு கோப்பை தேநீர்

பெரிய மனிதர்களும் இதில் தப்பவில்லை. காந்தி கப்பல் ஏறிய 2 ஆண்டுகளுக்குப் பிறகு, 1890-ல், புனாவில் நடந்தது இது.

அங்கே பஞ்ச் ஹௌத் என்ற இடத்தில் ஒரு கிறிஸ்தவ மிஷன் இருந்தது. அங்கு நடந்த சொற்பொழிவுக்கு ஊர்ப் பிரமுகர்கள் பலர் போயிருந்தார்கள். நீதித் துறையில் பெரிய பதவியில் இருந்த மகாதேவ கோவிந்த ரானடே, பாலகங்காதர திலகர், அப்போது 24 வயதே ஆன கோபாலகிருஷ்ண கோகலே எல்லோரும் அதில் அடக்கம். பேச்சு முடிந்ததும் பாதிரிமார்கள் தேநீரும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். சிலர் குடித்தார்கள், சிலர் மரியாதைக்காகக் கையில் வாங்கிக்கொண்டார்கள்.

விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் கூட்டத்தில் இருந்த கோபால்ராவ் ஜோஷி என்பவர் சும்மா இருக்கவில்லை. (நம் நாட்டிலிருந்து அமெரிக்கா போய் டாக்டர் பட்டம் வாங்கிய ஆனந்திபாய் ஜோஷியின் கணவர்தான் இவர்.) யார் யார் வந்திருந்தார்கள் என்று பெயர்ப் பட்டியலை "புனே வைபவ்" பத்திரிகையில் வெளியிட்டுவிட்டார். புனா கொதித்தது!

இன்று ஒருவருடைய பழைய பேச்சைத் தேடி எடுத்துப் படம் பிடித்து ஆயிரம் பேருக்கு அனுப்புகிறார்களே, அதற்கும் கோபால்ராவின் பட்டியலுக்கும் என்ன வித்தியாசம்? கருவி ஒன்றுதான் வேறு.

வைதீகர்கள் சங்கராச்சாரியாரிடம் முறையிட்டார்கள். விசாரணைக்குச் சாஸ்திரிகள் வந்தார்கள். வாதங்கள், எதிர்வாதங்கள் எல்லாம் நடந்தன. திலகர் சாஸ்திர நூல்களைக் காட்டியே வாதாடினார். காசியில் பிராயச்சித்தம் செய்துகொண்டதாகவும் கூறினார். ஆனாலும் சில காலம் அவர் வீட்டு விசேஷங்களுக்குப் புரோகிதர் கிடைப்பது கஷ்டமாகவே இருந்தது. ரானடே 1892-ல் பிராயச்சித்தம் செய்துகொண்டார். "விதவை மறுமணத்துக்குப் பாடுபட்டவர் ஒரு கோப்பை தேநீருக்காகத் தலை குனிவதா?" என்று சீர்திருத்தக்காரர்கள் முகம் சுளித்தார்கள். பழமைவாதிகள் ஒரு பக்கம் தள்ளி வைக்க, முற்போக்காளர்கள் மறுபக்கம் ஏச, நடுவில் அகப்பட்டுக்கொண்டார் அந்தப் பெரியவர். இன்றைக்கு மன்னிப்புக் கேட்கிறவர்களுக்கும் பெரும்பாலும் இதே கதிதான்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குற்றம் இன்னது என்று சொன்னார்கள். விசாரித்தார்கள். பதில் சொல்ல இடம் கொடுத்தார்கள். திரும்பி வருவதற்குப் பிராயச்சித்தம் என்று ஒரு வாசலும் வைத்திருந்தார்கள். பாரம்பரியம் என்று பெருமைப்பட வேண்டுமானால் இந்த வாசலுக்காகப் பெருமைப்படலாம்.

அந்த வாசல் யாருக்குத் திறந்தது என்பதுதான் கேள்வி.

குளத்துக்குத்தான் பரிகாரம்

1927-ம் ஆண்டு மார்ச் 20-ந் தேதி. கொலாபா மாவட்டத்து மகாட் ஊரில் டாக்டர் அம்பேத்கர் தலைமையில் ஆயிரக்கணக்கான தாழ்த்தப்பட்ட மக்கள் சவுதார் குளத்துக்கு ஊர்வலமாகப் போய்த் தண்ணீர் குடித்தார்கள். பொதுக் குளங்களை எல்லோருக்கும் திறந்துவிட வேண்டும் என்று பம்பாய் சட்டசபை 1923-லேயே தீர்மானம் போட்டிருந்தது. அந்தத் தீர்மானம் காகிதத்தில்தான் இருந்தது, குளத்தங்கரைக்கு வரவில்லை.

தண்ணீர் குடித்தவர்களுக்கு அன்றே அடி விழுந்தது. பிறகு சாணம், கோமியம், பால், தயிர் கலந்து 108 பானைகளில் ஊற்றிக் குளத்தைச் சுத்தம் செய்தார்கள். ரானடேக்குப் பிராயச்சித்தம் இருந்தது. மகாடில் குளத்துக்கும் பிராயச்சித்தம் இருந்தது. தண்ணீர் குடித்த மனிதனுக்கு மட்டும் எந்தப் பிராயச்சித்தமும் இல்லை. ஏனென்றால் அவன் செய்த குற்றம் பிறந்ததுதான். குளத்தில் தண்ணீர் எடுக்க அவர்களுக்கு உரிமை உண்டு என்று பம்பாய் உயர்நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல 1937 ஆனது.

அந்த ஆண்டு ஏப்ரலில் அம்பேத்கர் தொடங்கிய பத்திரிகைக்கு "பஹிஷ்கிருத பாரத்" என்று பெயர். விலக்கி வைக்கப்பட்ட பாரதம்! அடுத்து, தாழ்த்தப்பட்டோர் நிலையை ஆராய பம்பாய் அரசு 1928-ல் அமைத்த ஸ்டார்ட் கமிட்டியில் அவரும் உறுப்பினர். உரிமை கேட்கிறவர்கள் மேல் ஊர் விலக்கு என்ற ஆயுதம் எப்படிப் பாய்கிறது என்பதை அந்தக் கமிட்டி விவரமாக எடுத்துச் சொன்னது. நிலம் அடுத்தவனுடையது, கூலி அடுத்தவன் கொடுப்பது, கடை அடுத்தவனுடையது, நடக்கும் பாதையும் அடுத்தவன் வயல் வரப்பு. இப்படிப்பட்டவனை ஒதுக்கினால் அவன் எங்கே போவான்?

1930-ல் லண்டன் வட்டமேஜை மாநாட்டுக்குப் போன அம்பேத்கர், ஊர் விலக்கைக் குற்றமாக்கிச் சட்டம் செய்ய வேண்டும் என்று கேட்டார். அதற்கு மாதிரியாக எடுத்துக்கொண்டது 1922-ம் ஆண்டு பர்மா பகிஷ்காரத் தடைச் சட்டத்தை.

ஆயுதம் கை மாறினால்...

இதற்கு மறுபக்கமும் ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் "பாய்காட்" என்ற சொல்லே ஒரு மனிதரின் பெயர். அயர்லாந்தில் மேயோ மாவட்டத்தில் ஒரு பிரபுவின் நிலங்களைப் பார்த்துக்கொண்டிருந்த ஏஜெண்டு கேப்டன் சார்லஸ் பாய்காட். 1880-ல் குத்தகையைக் குறைக்கச் சொல்லி விவசாயிகள் கேட்டபோது, அவர்களை வெளியேற்றப் பார்த்தார். ஊரே அவரை ஒதுக்கியது. அறுவடைக்கு ஆள் இல்லை. துணி வெளுக்க ஆள் இல்லை. கடையில் சாமான் இல்லை. வெளியூரிலிருந்து 50 பேரைக் கொண்டுவந்து, அவர்களுக்குக் காவலாக ஆயிரம் போலீசையும் சிப்பாய்களையும் நிறுத்தி அறுவடை செய்தார்கள். 500 பவுன் பயிரை அறுக்க 10 ஆயிரம் பவுன் செலவு என்று அன்றைக்குக் கணக்குச் சொன்னார்கள்! அந்த ஆண்டே கேப்டன் ஊரைக் காலி செய்தார்.

வலியவன் கையில் இருந்தால் ஊர் விலக்கு. எளியவன் கையில் வந்தால் பகிஷ்காரம். சுதேசி இயக்கம் அன்னியத் துணியை ஒதுக்கியது இந்த வழியில்தான். 2018-ல் "மீ டூ" என்று சொல்லிப் பெண்கள் பெரிய மனிதர்களின் பெயரை வெளியே சொன்னார்களே, அதையும் இந்தக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். முறையிட வேறு வாசல் திறந்திருந்தால் அவர்களில் பலர் வீதிக்கு வந்திருக்க மாட்டார்கள்.

சாதியால் தள்ளி வைக்கப்பட்ட காந்தியே பின்னாளில் ஒத்துழையாமைப் போருக்குத் தலைமை தாங்கினார். அப்போது சில ஊர்களில், இயக்கத்தில் சேராதவர்களுக்கு நாவிதர், வண்ணார் வரக் கூடாது என்று கட்டுப்பாடு போட ஆரம்பித்தார்கள். "யங் இந்தியா" பத்திரிகையில் அவர் அதைக் கண்டித்து எழுதினார். ஒருவர் வீட்டு விருந்துக்குப் போகாமல் இருப்பது வேறு. அவருக்கு வைத்தியரையும் தண்ணீரையும் தடுப்பது வேறு, அது வன்முறை என்பது அவர் கட்சி. அபராதம் கட்ட பயந்த மைத்துனரின் முகம் அவருக்கு மறந்திருக்காது போலும்.

இப்படி எல்லை கட்டுவதும் நமக்குப் புதிதல்ல. சோழர் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, கணக்குக் காட்டாதவர்களும் அவர்களுடைய நெருங்கிய உறவினரும் சபை உறுப்பினராகக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்கிறது. பிராயச்சித்தம் செய்துகொண்டவர்களில்கூடச் சிலருக்குக் கடைசி வரை அங்கே இடமில்லை. தடை கடுமைதான். ஆனால் அது பதவிக்குப் போட்ட தடை. ஏதென்சு நகரத்தில் உடைந்த பானை ஓட்டில் பெயரை எழுதிப் போட்டு ஒருவரை நாடு கடத்துவார்கள். அதற்கும் 10 ஆண்டு என்று கெடு உண்டு. சொத்தைத் தொட மாட்டார்கள். கெடு முடிந்ததும் திரும்பி வரலாம்.

சட்டம் வந்த கதை

அம்பேத்கர் கேட்ட சட்டம் மகாராஷ்டிரத்துக்கு வர வெகு காலம் ஆயிற்று. முதலில் 1949-ல் பம்பாய் அரசு சாதி நீக்கத்தைத் தடுக்க ஒரு சட்டம் கொண்டுவந்தது. தாவூதி போரா சமூகத்தின் மதத் தலைவர் அதை எதிர்த்து வழக்குப் போட்டார். 1962-ல் சுப்ரீம் கோர்ட்டு, மதக் காரணத்துக்காக ஒருவரை நீக்குவது மத உரிமையில் அடங்கும் என்று சொல்லி, சட்டம் செல்லாது எனத் தீர்ப்பளித்தது. 5 நீதிபதிகளில் 4 பேர் ஒரு பக்கம். தலைமை நீதிபதி பி.பி.சின்கா மட்டும் மாறுபட்டார். நீக்கப்பட்டவர் தன் சமூகத்துக்குள்ளேயே தீண்டத்தகாதவர் ஆகிவிடுகிறார் என்பது அவர் கருத்து.

அந்தத் தீர்ப்பு சரிதானா என்ற விவகாரம் இன்னும் ஓயவில்லை. 2023 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டின் 5 நீதிபதிகள் அடங்கிய பெஞ்சு, 9 நீதிபதிகள் முன்பு இதை வைக்க வேண்டும் என்று உத்தரவிட்டது.

இதற்கிடையே ராய்கட் மாவட்டக் கிராமங்களிலும் வேறு பல இடங்களிலும் சாதிப் பஞ்சாயத்துகளின் அட்டகாசம் பற்றிப் புகார்கள் குவிந்தன. பழைய கொலாபா மாவட்டத்தின் இன்றைய பெயர்தான் ராய்கட். மகாட் இருப்பதும் இங்கேதான்! மூடநம்பிக்கை ஒழிப்பு இயக்கத் தலைவர் டாக்டர் நரேந்திர தபோல்கர் இந்தப் பஞ்சாயத்துகளை எதிர்த்துக் குரல் எழுப்பினார். 2013 ஆகஸ்டு 20-ந் தேதி புனாவில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய இயக்கம் நிற்கவில்லை.

2016 ஏப்ரலில் மகாராஷ்டிர சட்டசபை ஊர் விலக்குத் தடைச் சட்டத்தை நிறைவேற்றியது. ஜனாதிபதியின் ஒப்புதலுக்குப் பிறகு 2017 ஜூலையில் அமலுக்கு வந்தது. 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அபராதப் பணம் பாதிக்கப்பட்டவருக்குப் போய்ச் சேரலாம். ஒன்றேகால் ரூபாய் அபராதம் போட்டவர்களுக்கு லட்ச ரூபாய் அபராதம்!

முகம் தெரியாத ஊர்

இந்தச் சட்டம் சாதி, மதம் என்று கூடிய கூட்டத்தைத்தான் பிடிக்கும். கையில் போனோடு, ஒருவரை ஒருவர் அறியாத ஆயிரம் பேர் கூடும் ஊரை அது பிடிக்காது. அங்கே சேட்டு இல்லை, சாஸ்திரி இல்லை, பஞ்சாயத்தார் இல்லை. குற்றப் பத்திரிகை வாசிப்பதற்குள் தண்டனை முடிந்துவிடுகிறது. பதில் சொன்னால் அதற்கும் ஒரு தண்டனை. 15 வயதில் எழுதியதும் 50 வயதில் செய்ததும் ஒரே தராசில் நிற்கின்றன. பிராயச்சித்தம் எது, யாரிடம் செய்துகொள்வது, எத்தனை நாளைக்கு என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் கிடையாது.

இதில் அகப்பட்ட பெரிய நடிகருக்கோ பெரிய எழுத்தாளருக்கோ ஆறு மாதத்தில் மறுபடி மேடை கிடைத்துவிடுகிறது. புனாவின் பெரிய மனிதர்களுக்குக் கிடைத்தது போலத்தான். வேலை போய் நிற்பது சம்பளத்துக்குப் போன பையன். பழைய ஊர் விலக்கிலும் அகப்பட்டுக்கொண்டு விழித்தவன் அவனேதான்.

பழைய பழக்கமும் போகவில்லை. வேறு சாதியில் கல்யாணம் செய்துகொண்ட பெண்ணைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்குகிறார்கள். அத்தைகள் நாலு பேர் தனித்தனியே போன் செய்து, "எங்களுக்கு உன் மேல் கோபம் இல்லை, பெரியப்பா என்ன சொல்வாரோ என்றுதான்..." என்று இழுக்கிறார்கள். இவர்களே மறுநாள் காலையில் கேன்சல் கல்ச்சரைக் கண்டித்து வந்த செய்தியை அதே குழுவில் அனுப்பி வைப்பார்கள்!

சகோதரி வீட்டுத் தண்ணீர்

காந்தி 1891-ல் பாரிஸ்டராகத் திரும்பினார். அவருடைய சாதி இரண்டாகப் பிரிந்து நின்றது. ஒரு பகுதியினர் அவரைச் சேர்த்துக்கொள்ளத் தயார். அவர்கள் திருப்திக்காக அவருடைய அண்ணன் அவரை நாசிக்கு அழைத்துப் போய் கோதாவரியில் குளிக்க வைத்தார். ராஜ்கோட்டில் சாதிக்காரர்களுக்கு விருந்தும் வைத்தார்.

இன்னொரு பகுதியினர் விலக்கை எடுக்கவில்லை. காந்தி அவர்களிடம் போய்க் கெஞ்சவும் இல்லை. அவர்களை ஏசவும் இல்லை. கட்டுப்பாட்டின்படி அவருடைய மாமனார், மாமியார், சகோதரி, சகோதரியின் கணவர் யாருமே அவருக்கு உணவோ தண்ணீரோ கொடுக்கக் கூடாது. வீட்டுக்குள் ரகசியமாகக் கொடுக்க அவர்கள் தயாராகத்தான் இருந்தார்கள். ஊரறியச் செய்யாததை ஒளித்துச் செய்வதில் காந்திக்கு இஷ்டமில்லை. உடன்பிறந்த சகோதரி வீட்டுக்குப் போனாலும் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்காமலே திரும்புவார்.

அந்தச் சாதிக்காரர்களில் பலர் பின்னாளில் அவருடைய பொதுப்பணிகளுக்கு உதவி செய்தார்கள்.